படிக்கப் போற ஊர்ல கடலைப் பாக்கிறது எப்படி: அவெய்ரோவும் அதைச் சுத்தின போர்ச்சுகல் கரையும்

தம்பி, நீங்க கேட்டது இதுதானே, அவெய்ரோ யூனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் அட்மிஷன் வந்திருக்கு, செப்டம்பர்ல கிளம்பணும், படிப்புக்கு நடுவுல ஐரோப்பாவோட கடலோர ஊர் எல்லாம் பாக்கணும்னு ஆசை, லிஸ்ட்ல சாண்டோரினி, அமால்ஃபி, சிங்க்வே தெர்ரே, டுப்ரோவ்னிக் எல்லாம் இருக்கு, எப்ப எங்க போகலாம், எவ்வளவு ஆகும்னு. நான் அவெய்ரோலதான் மாஸ்டர்ஸ் படிச்சேன், இப்பவும் போர்ச்சுகல்லதான் வேலை, சொந்த ஊர் தூத்துக்குடி. அதனால கடலைப் பத்திக் கேட்டா எனக்கு சுருக்கமா எழுத வராது, பொறுமையாப் படிங்க.

முதல்ல உங்க லிஸ்ட். சாண்டோரினியும் அமால்ஃபியும் எங்கயும் ஓடிப் போகாது. வேலைக்குப் போய் கையில காசு வந்தப்புறம் ஒரு வாரம் லீவு போட்டுப் போனாலும் பாத்துடலாம். ஆனா படிக்கிற காலத்துல மட்டும் கிடைக்கிற ஒண்ணு இருக்கு, ஒரே கரையை வருஷம் பூரா விடாம பாக்கிறது. டூரிஸ்ட் ஜூலைல வந்து மணல்ல படுத்துட்டுப் போயிடுவாங்க, ஜனவரில அந்த ஊர்க்காரங்க என்ன பண்றாங்க, படகு எப்ப இறங்குது, எந்த மாசம் மார்க்கெட்ல என்ன மீன் கிடக்கு, அவங்களுக்குத் தெரியப் போறதில்ல. உங்களுக்குத் தெரியும். அதனால நான் சொல்றது, தூர ஊர் டிக்கெட்டை எல்லாம் கோடை லீவுக்கு வச்சுக்கோங்க (போர்ச்சுகல் ரெசிடென்ஸ் பெர்மிட் கைல இருந்தா மத்த ஷெங்கன் நாடுகள்ல 180 நாளுக்குள்ள 90 நாள் வரைக்கும் சுத்தலாம், அது பிரச்சனை இல்ல), செமஸ்டர் நடக்கும்போது வர்ற சனி ஞாயிறு எல்லாம் பக்கத்து ஊர்களுக்குக் குடுங்க. அதுவும் போஸ்ட்கார்டு ஊர் இல்ல, கடலை நம்பிப் பொழைக்கிற, இல்ல ஒரு காலத்துல பொழைச்ச ஊர்கள்.

அவெய்ரோவையே எடுத்துக்கோங்க. 'போர்ச்சுகலோட வெனிஸ்'னு போர்டு போட்டு கால்வாய்ல கலர் கலரா படகு விடுவாங்க, அதுல ஏறி முக்கால் மணி நேரம் சுத்திட்டு ஊரைப் பாத்தாச்சுன்னு வந்துடாதீங்க. அந்தப் படகுக்கு மொலிசெய்ரோன்னு பேர், டூரிஸ்டுக்காகச் செஞ்சது கிடையாது, காயல்ல வளர்ற பாசியை வாரிட்டு வந்து வயலுக்கு உரமா போடுறதுக்காக இருந்த படகு. கெமிக்கல் உரம் வந்ததும் அந்த வேலை போச்சு, படகு மட்டும் மிஞ்சி டூரிஸ்ட் பக்கம் வந்துடுச்சு. முன்பக்கம் வளைஞ்சு நிக்கிற பலகைல படம் வரைஞ்சு ரெண்டு வரி எழுதியிருப்பாங்க, சாமி படமும் இருக்கும், கொஞ்சம் பச்சையான கிண்டலும் இருக்கும். போர்ச்சுகீஸ் கொஞ்சம் படிக்க ஆரம்பிச்சதும் அந்த வரிகளை ஒவ்வொண்ணா வாசிச்சுப் பாருங்க, நல்லா இருக்கும்.

இந்த ஊரோட கதையே அந்தக் காயலோட கதைதான். ஒரு காலத்துல செழிப்பான துறைமுகம், உப்பும் மீனும் வெளிநாட்டுக்குப் போயிட்டு இருந்தது. 1575-ல அடிச்ச புயல்ல முகத்துவாரத்துல மணல் சேந்து வழி அடைபட, கப்பல் உள்ள வர முடியல, தண்ணி தேங்கி காய்ச்சல் பரவி, ஜனங்க ஊரை விட்டே கிளம்ப ஆரம்பிச்சாங்க. 200 வருஷத்துக்கு மேல இப்படித்தான் கெடந்தது. கடைசில 1808 ஏப்ரல்ல புதுசா முகத்துவாரம் வெட்டித் திறந்தாங்க, அந்த வேலைக்கு ஊரோட பழைய கோட்டைச் சுவரையே இடிச்சுக் கல்லை எடுத்துட்டுப் போயிருக்காங்க. அவெய்ரோல கோட்டைச் சுவர் எங்கன்னு தேடினா கிடைக்காது, அது கடல் வாசல்ல கெடக்கு.

உப்பளம் பத்திச் சொல்லணும், இங்க எனக்கு சொந்த ஊர் பாசம் கொஞ்சம் ஜாஸ்தியாவே வரும். அவெய்ரோன்ற பேர் எழுத்துல முதல்ல வர்றதே 959-ல, முமாதோனா டியாஸ்னு ஒரு சீமாட்டி தன்னோட உப்பளங்களை ஒரு மடத்துக்கு எழுதி வச்ச சாசனத்துல. அப்ப இருந்தே உப்பு. இன்னைக்கு வேலை நடக்கிற உப்பளம் கொஞ்சம்தான், மிச்சம் மீன் வளர்ப்புக்குப் போயிடுச்சு, இல்ல சும்மா கெடக்கு, ஃப்ளமிங்கோ வந்து நிக்குது. யூனிவர்சிட்டிக்கே சொந்தமா ஒரு உப்பளம் இருக்கு, கேம்பஸை ஒட்டியே. பாத்தி கட்டி, தண்ணியைப் படிப்படியா ஒவ்வொரு பாத்திக்கா மாத்தி, மரப்பலகை வச்சு வாரிக் குவிக்கிற முறை எல்லாம் தூத்துக்குடில பாத்த எனக்கு ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படல. வித்தியாசம் என்னன்னா நம்ம ஊர்ல வருஷத்துல பல மாசம் உப்பு எடுக்கலாம், இங்க வெயில் காலம் மட்டும்தான், ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும், ஒரு நல்ல மழை விழுந்தா அந்த வருஷக் கணக்கு முடிஞ்சுது. ஊருக்கு உள்ளயே ட்ரொன்கல்யாதான்னு ஒரு உப்பளத்தை மியூசியமா வச்சிருக்காங்க, வெளியில நடந்தே சுத்திப் பாக்கலாம்.

இந்த ஊர் ஸ்வீட் ஓவோஸ் மோலேஷ், முட்டை மஞ்சக்கருவும் சீனியும் சேத்துக் கிண்டி, மெல்லிசான வேஃபருக்குள்ள வச்சு சிப்பி, மீன் வடிவத்துல வெட்டிக் குடுப்பாங்க. கன்னியாஸ்திரி மடங்கள்ல பிறந்த பலகாரம். தூத்துக்குடி மக்ரூன் வெள்ளைக்கருவுல பண்றது, இது மஞ்சக்கருவுல, ரெண்டையும் ஒரே தட்டுல வச்சுச் சாப்பிடணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை, ஊர்ல இருந்து வந்த ஃப்ரண்ட் ஒருத்தர் மூலமா அதுவும் நடந்தது.

அவெய்ரோல இருந்து கடலுக்கு 8, 10 கிலோமீட்டர் போகணும், பார்ரா, கோஸ்தா நோவா ரெண்டும் அடுத்தடுத்த ஊர். பஸ் இருக்கு, சைக்கிள் இருந்தா இன்னும் நல்லது, தரை முழுக்கச் சமதளம். பார்ரால இருக்கிற லைட்ஹவுஸ் 62 மீட்டர், போர்ச்சுகல்லயே உயரமானது, 1893-ல கட்டி முடிச்சது. புதன்கிழமை மத்தியானம் மேல ஏற விடுற வழக்கம் உண்டு, போறதுக்கு முன்னாடி நேரத்தை மட்டும் செக் பண்ணிக்கோங்க. மேல இருந்து பாத்தா ஒரு பக்கம் அட்லாண்டிக், ஒரு பக்கம் காயல், நடுவுல மெல்லிசா ஒரு மணல் திட்டு, ஊர் ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டுச்சுன்னு அங்க நின்னாத்தான் விளங்கும். கோஸ்தா நோவால வரி வரியா பெயின்ட் அடிச்ச மரவீடுகள் இருக்கே, எல்லாரும் முன்னாடி நின்னு போட்டோ எடுக்கிறது, அது ஆதியில மீன்பிடிக்காரங்க வலையும் சாமானும் போட்டு வைக்கிற கொட்டகை. அப்புறம்தான் பணக்காரங்க கோடைல வந்து தங்குற வீடா ஆச்சு.

பக்கத்துல இல்யாவுன்னு ஊர், அங்க இருக்கிற கடல்சார் மியூசியத்தை மட்டும் தயவு செஞ்சு விட்டுடாதீங்க. போர்ச்சுகல்ல எங்க பாத்தாலும் பக்கல்யாவ், அதாவது உப்புப் போட்டுக் காயவச்ச காட் மீன், ஆனா அந்த மீன் இந்தக் கடல்ல கிடையாது. நியூஃபவுண்ட்லாந்து, கிரீன்லாந்து வரைக்கும் கப்பல்ல போய், வசந்தத்துல கிளம்பினா இலையுதிர் காலத்துலதான் வீடு. அங்க போய் கப்பல்ல இருந்து மீன் பிடிக்கிறது இல்ல, ஆளுக்கு ஒரு சின்ன மரப்படகு, அதுல தனியா ஒரே ஆள், பனிமூட்டத்துல, கைத்தூண்டில். திரும்பி வரும்போது படகு நிறைய மீன், அலை கொஞ்சம் தூக்கினா போச்சு. இப்படி 1970கள் வரைக்கும் நடந்திருக்கு. அந்த ஆள்களோட படகு, கையுறை, கத்தி எல்லாம் அங்க இருக்கு, உயிரோட காட் மீன் நீந்துற தொட்டியும் இருக்கு. அங்க போயிட்டு வந்தப்புறம் கேன்டீன்ல பக்கல்யாவ் போடும்போது எனக்கு தட்டுல மிச்சம் வைக்க மனசு வந்ததே இல்ல.

கோடைல இருந்தீங்கன்னா டொரெய்ரா, இல்லாட்டி தெற்குல ப்ராயா த மீரா பக்கம் போங்க, அங்க ஷாவேகான்னு சொல்ற மீன்பிடி நடக்கும். நம்ம கரைவலையேதான். முன்பக்கம் பிறை மாதிரி உசந்த படகு அலையைக் கிழிச்சுட்டு உள்ள போய் வலையை வளைச்சுப் போட்டுட்டு கயித்தோட திரும்பும், ரெண்டு பக்கக் கயித்தையும் கரைல இருந்து இழுப்பாங்க, முன்னாடி மாடு கட்டி இழுத்தாங்க, இப்ப டிராக்டர். சாளை, அயிலை இனம், பாறைக் குடும்பத்துச் சின்ன மீன் எல்லாம் ஏறும். காலைல சீக்கிரம் போகணும், கடல் கொந்தளிப்பா இருந்தா அன்னைக்கு வலை கிடையாது.

வடக்கே போர்ட்டோ போற ட்ரெயின் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, நடுவுல எஸ்பின்யோ வரும். தெருவுக்கு எல்லாம் பேர் இல்லாம நம்பர் மட்டும் போட்ட ஊர், பழைய ஊர்ல ஒரு பெரிய பகுதியைக் கடல் தின்னுடுச்சு, திங்கள்கிழமை பெரிய சந்தை கூடும், காய்கறி மலிவு. போர்ட்டோல இறங்கி மெட்ரோ பிடிச்சா மட்டோசின்யோஸ். அங்க சாளையை ரோட்டோரத்துல கரி அடுப்புல சுடுற தெரு இருக்கு, ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் போங்க, அப்பத்தான் கொழுப்பு ஏறின சாளை. அதுக்குக் காரணமும் கேட்டுக்கோங்க: கோடைல வடக்குல இருந்து விடாம அடிக்கிற காத்து மேல்தண்ணியைக் கரையை விட்டுத் தள்ளுது, அடில இருந்து குளிர்ந்த தண்ணி சத்தோட மேல வருது, அதைத் தின்னு மீன் பெருகுது. ஆகஸ்ட்ல வெயில் கொளுத்தும், கடல்ல காலை வச்சா 16, 17 டிகிரி, எலும்பு வரைக்கும் ஏறும். மன்னார் வளைகுடால குளிச்சுப் பழகினவனுக்கு அது வேற கடல்.

மட்டோசின்யோஸ் பீச்லயே ஒரு சிலை இருக்கு, பெண்களும் குழந்தைங்களுமா கடலைப் பாத்து நின்னு அழற மாதிரி. 1947 டிசம்பர் தொடக்கத்துல ஒரே ராத்திரி புயல்ல நாலு படகு மூழ்கி 152 மீனவர்கள் செத்துப் போனாங்க, அதோட நினைவு. சாளை சாப்பிடப் போறவங்கள்ல பாதிப் பேர் அதைத் தாண்டிப் போயிடுவாங்க. நீங்க கொஞ்சம் நின்னுட்டுப் போங்க. கடல்ல ஆளை அனுப்பிட்டுக் கரைல காத்திருக்கிறது என்னன்னு தெரிஞ்ச ஊர்ல இருந்து வர்றவங்க நாம.

அதே மெட்ரோல சிவப்பு லைன்ல கடைசி வரைக்கும் போனா போவுவா த வர்ஸிம். எழுதப் படிக்கத் தெரியாத மீனவர்கள் குடும்பத்துக்கு ஒரு குறின்னு வச்சுட்டு வலை, படகு, சாமான், கல்லறை வரைக்கும் அதைப் பொறிச்சிருக்காங்க, கடைக் கணக்குல கையெழுத்தும் அதுதான். மூத்த பிள்ளைங்க அப்பா குறில கூடுதலா கோடு சேத்துக்கணும், கடைக்குட்டிக்குத்தான் குறி மாறாம அப்படியே வரும். ஊர் மியூசியத்துல எல்லாம் வச்சிருக்காங்க, நிதானமா பாக்க வேண்டிய இடம்.

இப்ப ராட்சச அலைக்காக எல்லாரும் கேக்கிற நசரே, இது அவெய்ரோவுக்குத் தெற்கே. கோடைல போனா அது சாதாரண பீச், கூட்டம், ஐஸ்கிரீம். அக்டோபர்ல இருந்து மார்ச்சுக்குள்ள போகணும், அதுவும் சும்மா ஒரு சனிக்கிழமை போய் நின்னா பெரிய அலை வராது. கரைக்குப் பக்கத்துலயே ஆரம்பிக்கிற ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு இருக்கு, 200 கிலோமீட்டருக்கு மேல நீளம், ஆழம் போகப் போக கிட்டத்தட்ட 5000 மீட்டர். ஆழத்து மேல வர்ற அலைக்கு வேகம் குறையாது, பக்கத்துல மேட்டு மேல வர்ற அலைக்கு வேகம் குறையும், ரெண்டும் அந்த ஊர்க் கோட்டை மேல இருக்கிற லைட்ஹவுஸ் முன்னாடி திரும்பி ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. அதான் ரகசியம். 2011-ல காரெட் மெக்நமாரான்ற சர்ஃபிங் வீரர் 78 அடி அலைல சறுக்கினதுக்கு அப்புறம்தான் உலகத்துக்கே ஊர் தெரிஞ்சுது, 2020 அக்டோபர்ல செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் ஏறின அலை 86 அடி. அலை கணிப்பு காட்டுற ஆப்கள்ல பாருங்க, வடமேற்குல இருந்து நீண்ட இடைவெளி உள்ள அலை, அதாவது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல 15 செகண்டுக்கு மேல, வருதுன்னா கிளம்பிடுங்க. ஜனவரி எக்ஸாம் முடிஞ்சு அடுத்த செமஸ்டர் ஆரம்பிக்கிறதுக்கு நடுவுல கிடைக்கிற இடைவெளி இதுக்குன்னே அமைஞ்சது. வாரக் கடைசிக்காக காத்திருக்காம அலை வர்ற நாள் போக முடியறது மாணவருக்கு மட்டும்தான். ட்ரெயின் ஊருக்குள்ள வராது, லெய்ரியா வழியா பஸ் பிடிக்கிறது சுலபம். கோட்டை மேல நின்னு பாருங்க, கீழ பாறைப் பக்கம் இறங்காதீங்க.

ஆனா நசரேல என் மனசைப் பிடிச்சது சர்ஃபிங் இல்ல. பீச்ல கம்பி வலைத் தட்டுல மீனை ரெண்டாப் பிளந்து வெயில்ல விரிச்சுக் கருவாடு போட்டு அங்கயே விக்கிற வயசான அம்மாக்கள்தான். 1980கள்ல துறைமுகம் வர்ற வரைக்கும் இந்த அலைல நேரா மணல்ல இருந்துதான் படகு இறக்கியிருக்காங்க, இவங்க அப்பா, வீட்டுக்காரர் எல்லாம் அப்படிப் போனவங்க. இங்கிலீஷ் வராது, அதனாலதான் சொல்றேன், யூனிவர்சிட்டில போர்ச்சுகீஸ் கிளாஸ் இருந்தா முதல் செமஸ்டர்லயே சேருங்க. உடைஞ்ச போர்ச்சுகீஸ்ல பேசினாக்கூட நின்னு பதில் சொல்லுவாங்க, எங்க ஊர்லயும் கருவாடு உண்டுன்னு சொன்னா எந்த மீன், எத்தனை நாள் காய வைப்பீங்கன்னு கேள்வி வரும்.

பெனிஷ் இன்னும் தெற்கு, மூணு பக்கம் கடல். அங்க இருக்கிற கோட்டை 1934-ல இருந்து 1974 வரைக்கும் சர்வாதிகார ஆட்சியோட அரசியல் சிறை. கம்யூனிஸ்ட் தலைவர் ஆல்வரோ குன்யாலும் கூட ஒம்பது பேரும் 1960 ஜனவரி 3-ம் தேதி அங்க இருந்து தப்பிச்சது பெரிய கதை. 2024 ஏப்ரல்ல, கைதிங்க விடுதலையான 50-வது வருஷத்துல, அதை முழு மியூசியமா திறந்தாங்க. கோடைல பெர்லெங்கா தீவுக்குப் படகு போகும், ஒரே நேரத்துல 550 பேருக்கு மேல தீவுல அனுமதி இல்ல, முன்கூட்டியே புக் பண்ணுங்க, படகு நல்லாவே ஆடும்.

கொய்ம்ப்ரால இருந்து ஃபிகெய்ரா த ஃபோஸ் போற ட்ரெயினை கடலுக்காக இல்ல, வழிக்காக ஏறுங்க. மொண்டேகோ ஆத்துப் படுகைல ரெண்டு பக்கமும் நெல் வயல், மின்கம்பத்து மேல பெரிய நாரை கூடு கட்டி நிக்கும். ஐரோப்பாவுல தலைக்கு அதிகமா அரிசி சாப்பிடுறது போர்ச்சுகல்தான், சோறு இல்லாம கஷ்டப்பட மாட்டீங்க. கடல் மீன், நண்டு, இறால் எல்லாம் போட்டுக் குழைய வேக வச்ச சோறு, அரோஸ் த மரிஷ்கு, ஃபிகெய்ரால இறங்கிச் சாப்பிடுங்க.

செலவு. 2024 அக்டோபர்ல இருந்து மாசம் 20 யூரோவுக்கு ஒரு ட்ரெயின் பாஸ் குடுக்கிறாங்க, ரீஜனல் வண்டியும், இன்டர்சிட்டி ரெண்டாம் வகுப்பும் அதுல போகலாம், இன்டர்சிட்டிக்கு சீட் மட்டும் முன்னாடி ரிசர்வ் பண்ணணும். போர்ட்டோ, லிஸ்பன் சுத்தின லோக்கல் வண்டிகளுக்கு விதி வேற, கவுன்ட்டர்ல கேட்டுக்கோங்க. பாஸ் இல்லாட்டியும் போர்ட்டோவுக்கு லோக்கல் டிக்கெட் சில யூரோதான். கேன்டீன் சாப்பாடு மூணு யூரோவைச் சுத்தி வரும். அதனால மாசத்துல ரெண்டு ஊர் பாக்கிறது கையைக் கடிக்காது. காசு போடவேண்டிய இடம் நல்ல மழைக்கோட்டும் ஷூவும், இங்க குளிர்காலம்னா பனி இல்ல, காத்தோட மழை, குடை நிக்காது. வீடுகள்ல ஹீட்டிங் பெரும்பாலும் கிடையாது, சுவர்ல பூஞ்சை வரும், ரூம் பாக்கும்போது வெயில் விழற ஜன்னலான்னு பாருங்க.

நீச்சல் தெரியும்னு அட்லாண்டிக்ல இறங்கிடாதீங்க, இதைக் கண்டிப்பாவே சொல்றேன். உள்ள இழுக்கிற நீரோட்டம் அடிக்கடி உருவாகும். பீச்ல கொடி ஏத்தியிருப்பாங்க, பச்சைக் கொடின்னா குளிக்கலாம், மஞ்சள்னா கரையோரமா கால் நனைக்கலாம் ஆனா நீந்தக் கூடாது, சிவப்புன்னா தண்ணிக்கே போகாதீங்க. கோடை சீசன் முடிஞ்சா லைஃப்கார்டும் இல்ல, கொடியும் இல்ல, அப்ப கரைல நின்னு பாக்கிறதோட சரி.

செப்டம்பர்ல வந்து இறங்கினதும் பேங்க், வரி நம்பர், ரூம்னு அலைச்சல் இருக்கும், அது நடுவுலயும் முதல் வாரமே கேம்பஸ் பின்னாடி உப்பளத்துக்குப் போயிடுங்க, மழை தொடங்கிட்டா அடுத்த ஜூன் வரைக்கும் உப்பைப் பாக்க முடியாது. நசரேவும் இல்யாவுவும் குளிர்காலத்துக்கு, கரைவலையும் பெர்லெங்காவும் கோடைக்கு வச்சுக்கோங்க. எந்த டிபார்ட்மென்ட்னு எழுதுங்க, எந்த ஏரியால ரூம் தேடலாம்னு தனியா சொல்றேன்.